அக்கா, துவக்கு பிளாஸ்ரிக்!

1

கொழும்பிலிருந்து வரும் வாரப் பத்திரிகையை இங்கே ரொறன்ரோவில் எங்கள் பிளாசாவின் மரக்கறிக் கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார். போன சனிக்கிழமை முருங்கைக்காய் வாங்கப் போன இடத்தில் சும்மா எடுத்துப் புரட்டினேன். நாலாம் பக்கத்தில் என் தம்பி தயாபரனின் படம். லண்டனில் ராப் பாடகனாக இருந்து நடிகனானவன் என்று எழுதியிருந்தார்கள். அதுவரைக்கும் சரி. கீழே இன்னொரு வரி: 'சிறுவயதில் திக்குவாயால் அவதிப்பட்ட இவர், விடாமுயற்சியால் அதை வென்று இன்று தங்குதடையின்றிப் பேசுகிறார்.'

"பச்சைப் பொய்" என்றேன், கொஞ்சம் சத்தமாக.

கடைக்காரர் திடுக்கிட்டுப் பார்த்தார். "என்ன அக்கா, முருங்கைக்காய் முத்தலோ?"

அதை வாசித்துவிட்டு ஊரில் இருப்பவர்கள் நம்பக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தம்பிக்கு இன்றைக்கும் திக்கும். தொலைபேசியில் 'ஹலோ' சொல்வதற்குள் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுவார். அவன் எதையும் வெல்லவில்லை. வெல்ல வேண்டிய எதிரி அவன் வாய்க்குள் இருக்கவுமில்லை. வெளியில்தான் இருந்தது, பல உடுப்புகளில். அதில் பாதியைக் காதால் கேட்டு, பாதியைக் கண்ணால் கண்டவள் நான். அதனால் நான் சொல்வதுதான் சரி.

2

எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர். நான் மூத்தவள், தயா எட்டு வயது இளையவன். கொக்குவிலில் அவன் படித்த பள்ளிக்கூடத்தில் அவனை எழுப்பி வாசிக்கச் சொன்னால் வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். தேவாரம் மட்டும் ஒரு இடத்திலும் தடக்காமல் பாடுவான். பாடும்போது திக்காது என்பது எங்களுக்குத் தெரியும். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது.

எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருஷம், பெடியளை ரோட்டில் கண்டாலே ஆமி பிடிக்கிறது என்ற நிலை வந்தபோது, பதினாலு வயதில் அவனை லண்டனில் இருந்த சித்தப்பாவிடம் அனுப்பினார்கள். நானும் என் கணவரும் ஐந்து வயது மகள் மதுராவும் இன்னும் சில வருஷம் கழித்துக் கனடா வந்து சேர்ந்தோம். அவன் வளர்ந்ததை நான் தொலைபேசி வழியாகத்தான் கேட்டேன்.

கிழக்கு லண்டன் பள்ளியில் அவன் வாய் திறப்பதில்லை. இங்கிலிஷ் தெரியாது என்று நினைத்து அவனைக் கடைசி வகுப்பில் போட்டுவிட்டார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் ஜமேக்காப் பெடியன் ஒருவன் மேசையில் தாளம் போட்டுக்கொண்டு வசனம் வசனமாய்ச் சொல்லுவானாம். ஒருநாள் அந்தத் தாளத்துக்குள் தயாவும் புகுந்துவிட்டான். அவ்வளவு நாளும் தொண்டைக்குள் கிடந்த இங்கிலிஷ் எல்லாம் மடை திறந்த மாதிரி வந்ததாம். பக்கத்தில் நின்ற ஆசிரியர், "அப்ப நீ இவ்வளவு நாளும் நடிச்சனியோ?" என்று கேட்டாராம்.

"அ-அக்கா, நான் ரா-ராப் செய்யிறன்" என்றான் என்னிடம். அம்மாவிடமும் அதையே சொன்னான். தொலைபேசி கரகரத்த கரகரப்பில் அம்மா, "என்னப்பு, றப்பர் கொம்பனியிலையோ வேலை?" என்று கேட்டா. விளக்கம் சொல்லத் தொடங்கினால் நிமிஷக் காசு ஓடிவிடும் என்று, "ஓமம்மா, றப்பர்தான்" என்று சொல்லிவிட்டான். லண்டனில் மகன் றப்பர் தொழிலில் நல்லாய் இருக்கிறான் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னா. இன்றுவரைக்கும் கொக்குவிலில் சிலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பின்னேரம் பஸ் தரிப்பில் வைத்து மொட்டையடித்த வெள்ளைப் பெடியள் சித்தப்பாவை அடித்து முன்பற்களை உடைத்துவிட்டார்கள். முறைப்பாடு எடுக்க வந்த பொலிஸ்காரர், அந்த நேரத்தில் ஏன் வெளியில் போனீர்கள் என்று சித்தப்பாவைத்தான் கேட்டாராம். தயா அந்தக் கேள்வியையே ஒரு பாட்டாக்கினான். 'நீ ஏன் வெளியில் வந்தாய்' என்று அவன் கேட்க, மண்டபத்துச் சனம் முழுக்கத் திருப்பிக் கத்தும். அந்தப் பாட்டு இசைத்தட்டாக வந்து, அங்குள்ள இளசுகளிடம் நல்லாய்ப் போனது.

அடுத்த இசைத்தட்டுக்குக் கொம்பனிக்காரர் ஒரு யோசனையோடு வந்தார்கள். தலைப்பாகை கட்ட வேண்டும், பின்னுக்கு மகுடி வாசிக்க வேண்டும், அட்டையில் ஒரு பாம்பும் இருக்க வேண்டும்.

"நா-நான் பாம்பு பி-பிடிக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டான். அதோடு கொம்பனியும் போனது. சித்தப்பா என்னை அழைத்துக் கத்தினார்: "ஒரு தலைப்பாகையைக் கட்டினால் என்ன பிள்ளை, தலை தேஞ்சோ போகும்?"

தேய்ந்துதான் போகும் என்று நான் சொன்னேன்.

3

தொண்ணூற்றி நாலு கோடையில் மதுரா பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. எங்கள் அடுக்குமாடி வீட்டில் வரவேற்பறை சோபாதான் அவனுக்கு இடம். ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் அப்போது பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் பாதிச் சனம் எங்கள் சனம். லிஃப்றுக்குள் ஏறினால் கீழே இறங்குவதற்குள் நாலு பேர் அவனை விசாரிப்பார்கள். அவன் வாய் திறப்பதற்குள் தரை வந்துவிடும்.

கலைஞர் என்ற வகையில் இங்கே இருக்க விண்ணப்பித்திருந்தான். நேர்முகத்துக்கு என் கணவர்தான் கூட்டிக்கொண்டு போனார். என்ன தொழில் என்று அதிகாரி கேட்டார். ராப்பர் என்றிருக்கிறான். அது இங்கிலிஷில் பொட்டலம் சுற்றுகிறவன் என்றும் கேட்கும். எதைச் சுற்றுகிறாய், சொக்கலேற்றா என்று அந்த மனுஷி உண்மையாகவே கேட்டிருக்கிறார். விளங்கப்படுத்தப் போனால் நாக்கு முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. தயா இரண்டு விரலால் மேசையில் தட்டத் தொடங்கினான். தன் பெயர், பிறந்த இடம், பாஸ்போட் இலக்கம், வந்த விமானம், எங்கள் வீட்டு விலாசம் எல்லாவற்றையும் எதுகை மோனையோடு அடுக்கிச் சொல்லி முடித்தானாம். அந்த மனுஷி சிரிக்கவில்லை. "இதைவிட விளக்கமாக இன்றைக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை" என்று மட்டும் சொன்னாராம். கொஞ்ச மாதத்தில் அனுமதி வந்தது.

4

அந்த வருஷப் பனிக்காலத்துக்கு முன் ஸ்காபரோவில் ஒரு சமூக நிலைய மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழா. சங்கத் தலைவர் சண்முகலிங்கம் அண்ணை எங்கள் கட்டடத்தில்தான் இருந்தார். 'லண்டன் புகழ் பாடகர்' என்று தயாவின் பெயரையும் நிகழ்ச்சியில் போட்டார். சனம் சினிமாப் பாட்டை எதிர்பார்த்துப் பட்டுச் சேலையோடு வந்து இருந்தது.

தயா தமிழில் தொடங்கினான். அகதி விசாரணையில் கேட்கிற கேள்விகளைப் பாட்டாகச் சொன்னான். 'குண்டு பக்கத்து வீட்டிலைதானே விழுந்தது, நீ ஏன் ஓடினாய்' என்ற இடத்தில் கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பினான். 'பனியிலை ஒண்டாய் வழுக்கி விழுகிறம், பந்தியிலை மட்டும் சாதி கேக்கிறம்' என்று ஒரு அடி. அதையே இரண்டாம் தரமும் சொன்னான்.

சண்முகலிங்கம் அண்ணை கையைக் காட்டினார். ஒலிவாங்கி செத்துப்போனது.

தயா ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு மேடை விளிம்புக்கு வந்தான். தொடையில் தட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். பின்வரிசையில் நின்ற பெடியளும் பெட்டையளும் கதிரைகளில் தட்டத் தொடங்கினார்கள். அதில் என் மதுராவும் ஒருத்தி. வீட்டில் 'சாப்பிட வா' என்றால் இங்கிலிஷில் பதில் சொல்கிறவள், அங்கே 'பந்தியிலை மட்டும் சாதி கேக்கிறம்' என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நின்றாள். முன்வரிசை எழும்பிப் போனது. நான் முன்வரிசையில்தான் இருந்தேன், எழும்பவில்லை. எழும்பிய என் கணவரின் கோட்டைப் பிடித்து இழுத்து இருத்தினேன்.

எல்லோரும் போனபின் மண்டபம் பூட்ட வந்த பெண் எங்களிடம் வந்தாள். பெயர் மார்வா. ட்ரினிடாட்டில் பிறந்தவள். அந்த நிலையத்தில் நாடகம் பழக்கி, சின்னக் குழு ஒன்றும் நடத்திக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் யார் யாரை நோக்கிச் சொல்லுகிறாய் என்பது முழுக்க விளங்கியது. என் நாடகத்தில் நடிக்க வருகிறாயா?" என்று கேட்டாள்.

"எ-எனக்குத் தி-திக்கும்" என்றான் தயா.

"அப்படியென்றால் அந்தப் பாத்திரத்துக்கும் திக்கும். அதிலென்ன இருக்கிறது?"

அவனை அப்படி ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. தம்பியை ரொக்ரரிடம் காட்டினீர்களா என்று கேட்காத முதல் ஆளும் அவள்தான்.

5

மார்வாவின் குழுவில் இரண்டு வருஷம் நடித்தான். காவற்காரன், காதலன், ஒருமுறை பாதிரியார். பாத்திரம் எதுவானாலும் அது திக்கும். பார்க்க வருகிறவர்கள் முதல் ஐந்து நிமிஷம் நெளிவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். நடிகர்களுக்கு வேலை பிடித்துத் தரும் முகவர் ஒருவர் அவனைச் சேர்த்துக்கொண்டார். ரொறன்ரோ வீதிகளில் அமெரிக்கக் கொடியைக் கட்டிவிட்டு அமெரிக்கப் படம் எடுப்பது அப்போது மும்முரம். தயாவுக்கு வந்ததெல்லாம் ராக்ஸி ஓட்டுநரும் மூலைக்கடைக்காரரும்தான். உன் இந்திய உச்சரிப்பு போதாது, இன்னும் கொஞ்சம் கூட்டிச் செய் என்பார்களாம். லண்டன் தெருவில் அடிபட்டுப் பழகிய இங்கிலிஷ் அவனுடையது. எதைக் கூட்டுவது?

பிறகு அந்தத் தொலைக்காட்சிப் படம் வந்தது. ஒரு வங்கிக்குள் ஆட்களைப் பணயம் பிடிக்கும் பயங்கரவாதி. எந்த நாடு என்று இல்லை, பெயரும் இல்லை. அவன் பேச வேண்டிய இடங்களில் எல்லாம் 'தன் மொழியில் ஆவேசமாகக் கத்துகிறான்' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தத் தாளை என் சமையல் மேசையில் போட்டான்.

எனக்கு நல்ல கோபம் வந்தது. "மகுடிக்கு மாட்டன் எண்டனி. இதுக்கு ஓமெண்டு போட்டியே?"

"நா-நான் மாட்டனெண்டால் வேறை ஒருத்தன் வந்து வா-வாயிலை வந்ததை உளறுவான், அக்கா. அதைத் த-தமிழ் எண்டு சனம் நினைக்கும்."

"அப்ப நீ என்ன கத்தப் போறாய்?"

சிரித்தான். "வ-வரேக்கை பார்."

6

நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். குளிக்க வார்த்து, கரண்டியால் சாப்பாடு தீத்தி, படுக்க வைக்கிற வேலை. அந்தப் படம் ஓடிய ஞாயிற்றுக்கிழமை எனக்கு மாலை வேலை. பொது அறையில் பெரிய ரிவியைச் சுற்றிச் சக்கர நாற்காலிகளில் என் ஆட்கள் இருந்தார்கள். நான் மிஸிஸ் ஹார்ப்பருக்குக் கஸ்ரட் தீத்திக்கொண்டிருந்தேன். அவவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. நாக்கும் மூளையும் நல்ல கூர்.

திரையில் வங்கிக் கதவை உதைத்துக்கொண்டு தயா வந்தான். தாடி, கறுப்புச் சட்டை, கையில் நீட்டுத் துவக்கு, விசையில் விரல். பயங்கரச் சங்கீதம். கண்களை உருட்டி, கழுத்து நரம்பு புடைக்க, துவக்கை நேரே எங்களைப் பார்த்து நீட்டிக் கத்தினான்:

"அக்கா! பயப்பிடாதை! துவக்கு பிளாஸ்ரிக்!"

என் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

ஒரு வெள்ளைக்கார மனுஷியின் தலைமயிரைப் பிடித்து எழுப்பினான். "இந்த மனுசி தங்கமான மனுசி! மத்தியானம் தன்ரை பிஸ்கற்றிலை பாதி எனக்குத் தந்தவ!" அந்த நடிகை உயிர் போகிற மாதிரி அலறினாள். என் ஆட்கள் போர்வையை இழுத்துப் பிடித்தார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பை அடக்க அடக்க வயிறு நொந்தது.

கடைசியில் பொலிஸ் சுற்றி வளைத்துவிட்டது. தயாவின் முகம் மட்டும் திரை முழுக்க. கத்தினான். ஒரு எழுத்தும் தடக்கவில்லை, கத்தும்போது அவனுக்குத் தடக்காது.

"இது என்ரை அம்மா என்னைக் கொஞ்சின பாஷை! இதைக் கேட்டு ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை!"

அதன்பின் சுட்டுவிட்டார்கள். நான் அழுதுகொண்டு நின்றேன். சிரித்ததால் வந்ததா வேறு எதனாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மிஸிஸ் ஹார்ப்பர் என் சட்டையைப் பிடித்து இழுத்தா. "அந்த ஆள் பேசியது உனக்கு விளங்கியதா?"

"ஓம். அவன் என் தம்பி."

"என்ன சொன்னான்?"

சொன்னேன். எல்லாவற்றையும், பிஸ்கற் உட்பட. அவ பக்கத்து நாற்காலிக்காரரைத் தட்டி, "கண்ணைத் திற, ஜோர்ஜ். துவக்கு பிளாஸ்ரிக்காம்" என்றா.

7

அடுத்த நாள் எங்கள் தொலைபேசி ஓயவில்லை. பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் ஏசினார்கள். சண்முகலிங்கம் அண்ணை நேரே வந்தார். இதைச் சொல்லத்தான் வேண்டும், அவர் கெட்ட மனுஷன் இல்லை. விசாரணைக்குப் போகிற பெடியளுக்கு மொழிபெயர்க்க எத்தனையோ நாள் லீவு போட்டுப் போனவர்.

"தம்பி, கேஸ் முடியாத பெடியள் எத்தினை பேர் இருக்கினம்! இந்த நேரத்திலை எங்கடை பாஷையைத் துவக்கோடை காட்டலாமோ? விளங்கிற எங்களுக்குச் சிரிப்பு. விளங்காத அவனுக்கு நாங்கள் பயங்கரவாதிதானே?"

கேள்வி நியாயமானது, தயாவுக்கும் அது தெரிந்தது. "அ-அப்ப விளங்கப் பண்ணுவம், அண்ணை" என்றான்.

அதை முதலில் செய்தது மதுரா. பள்ளிக்கூடத்தில் பெடியள் அவளைக் கண்டதும் அந்தக் காட்சி மாதிரி உளறிக் காட்டியிருக்கிறார்கள். அவள் அரைகுறைத் தமிழிலிருந்து வசனம் வசனமாய் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறாள். ஒரு கிழமைக்குள் சீனப் பிள்ளை, ஜமேக்காப் பிள்ளை, இத்தாலியப் பிள்ளை எல்லாம் பள்ளித் தாழ்வாரத்தில் ஒருவரை ஒருவர் கண்டால் 'துவக்கு பிளாஸ்ரிக்!' என்று கத்துகிற அளவுக்கு வந்துவிட்டது. ஆசிரியை ஒருவர் இது என்ன வாழ்த்து என்று என்னைக் கேட்டார்.

விஷயம் ஒரு இங்கிலிஷ் பத்திரிகைக்கும் போய்ச் சேர்ந்தது. படக்காரர் கொதித்தார்கள். தங்களைச் சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டான் என்று முகவரிடம் ஏசினார்கள். முகவர் தயாவைக் கைவிட்டார். மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாம் என்று ஒருவழி சொன்னார்.

"தன் மொ-மொழியில் கத்து எண்டு எழுதியிருந்தது. க-கத்தினன்" என்று தயா சொன்னான். மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த முறை அந்தப் படம் ஓடியபோது அவன் குரலை எடுத்துவிட்டு யாரோ ஒருவரின் உளறலை ஒட்டியிருந்தார்கள். என் தம்பியின் வாய், யாருடையதும் இல்லாத மொழி. பார்த்துவிட்டு ரிவியை நிற்பாட்டினேன். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. அடுத்த நாள் பீற்சாக் கடைக் குசினியில் வேலைக்குப் போனான். ஒன்றரை வருஷம் மா பிசைந்தான். மாலையில் மார்வாவின் நாடகங்களில் நடித்தான். தலைப்பாகைக் காலத்துக் குரலில் சித்தப்பா லண்டனிலிருந்து, "ஒரு மன்னிப்புத்தானே" என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

8

தயாவின் பழைய பாட்டைப் பெடியனாக இருந்தபோது கேட்டு வளர்ந்த ஒருவர் லண்டனில் நாடகம் எழுதுகிறவராகியிருந்தார். பத்திரிகைச் செய்தி அவர் கைக்கும் போயிருக்கிறது. தன் புது நாடகத்தில் ஒரு நீதிபதி பாத்திரம் இருக்கிறது, வந்து வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

"எ-எனக்குத் திக்கும். ம-மறைக்க மாட்டன்" என்று தொலைபேசியிலேயே சொன்னான். அவர் அந்த வசனம் முடியும்வரை வைக்காமல் நின்றாராம். அதனால்தான் போனேன் என்று பிறகு சொன்னான்.

லண்டனில் அந்த நாடகம் மாதக்கணக்கில் ஓடியது. இந்த இலையுதிர் காலத்தில் இங்கேயும் கொண்டுவந்தார்கள், நகர மையத்தில் சிவப்புக் கதிரைகள் போட்ட பழைய அரங்கு. நான், இவர், மதுரா, மார்வா எல்லோரும் ஒரே வரிசை. மார்வா புதுத் தொப்பி போட்டிருந்தாள். பின்வரிசையில் சண்முகலிங்கம் அண்ணையும் மனுசியும். அவராகவே ரிக்கற் எடுத்து வந்திருந்தார்.

வெள்ளைக்கார நீதிபதிகள் அணிகிற அங்கியோடு என் தம்பி உயரத்தில் இருந்தான். கீழே கூண்டில் ஒரு வாலிபன். கடைசிக் காட்சி, தீர்ப்பு. எல்லோரும் எழும்பி நிற்கிறார்கள். தயா வாய் திறந்தான். முதல் எழுத்தில் நின்றுவிட்டது. உதடு துடிக்கிறது, கழுத்து இறுகுகிறது, சத்தம் வரவில்லை. கூண்டில் நிற்பவன் அவனையே பார்க்கிறான். சட்டத்தரணிகள் பார்க்கிறார்கள்.

"வசனம் மறந்துபோச்சுப் போலை" என்று அண்ணை பின்னாலிருந்து பதறினார்.

நான் திரும்பினேன். "மறக்கேல்லை, அண்ணை. பொறுங்கோ."

தயா அவசரப்படவில்லை. தொடையில் தட்டவில்லை, பாடவில்லை, கத்தவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவையும் எடுத்துக்கொண்டு அந்த வாலிபனை விடுதலை செய்தான்.

நாடகம் முடிந்தபின் நடிகர்கள் மேடையில் இருந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு கனவான் எழும்பி, நடிப்பு அபாரம், ஆனால் அந்தத் தீர்ப்புக்கு முன் வந்த இடைவெளி பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் நீளமில்லையா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

தயா அவரைப் பார்த்தான். "நீ-நீதிபதி வாய் திறக்கும்வரை எ-எல்லாரும் காத்திருக்கத்தான் வேணும், ஐயா."

அரங்கு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு, மற்றப் பக்கம் கை உயர்த்தியவர்களைப் பார்த்து, "அ..." என்று தொடங்கினான். அங்கேயே நின்றது. 'அடுத்த கேள்வி' என்றுதான் வரப்போகிறது என்பது அத்தனை பேருக்கும் தெரியும்.

ஒருவரும் எடுத்துக்கொடுக்கவில்லை.